சினோருக்கு மூன்று பெயர்

போன கிழமை இன்டர்நெட் கொம்பனியோடு சண்டை பிடிப்பதற்கென்று ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் படம் நின்று நின்றுதான் ஓடுகிறது. மனைவி வேலைக்குப் போன பிறகு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் சொன்னாள். அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம் இசை.

முதல் பத்து நிமிடம் அது இசை என்றே எனக்குப் படவில்லை. பிறகு ஓரிடத்தில் வயலின்கள் எல்லாம் ஓய்ந்துவிட, ஒரு விசில் மட்டும் தனியே நடந்து போனது. மூன்று சுரம் மேலே போய், கொஞ்சம் நின்று, எதையோ மறந்துபோய்த் திரும்பி வருகிற ஆளைப்போல அதே மூன்று சுரம் கீழே வந்தது. அந்த மெட்டு எனக்குத் தெரியும். என் தலைக்கு மேலே, பலகைத் தளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மனிதர் ஒன்றரை வருடமாக அதைப் பியானோவில் வாசித்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து கொம்பனி ஆள் லைனுக்கு வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டான். இவ்வளவு நேரமும் போன பாட்டைத் திரும்பவும் போடமுடியுமா என்று கேட்டேன். அவன் என் கணக்கு இலக்கத்தைக் கேட்டான். துண்டில் எழுதி வைத்த கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இன்டர்நெட் இன்னும் நின்று நின்றுதான் ஓடுகிறது, மனைவிக்கு இதுவரை காரணம் சொல்லவில்லை.

பின்னேரம் மகள் ஆரணி பிக்கரிங்கிலிருந்து வந்தாள். அவளுடைய போனில் ஒரு வித்தை இருக்கிறது. மெட்டை முணுமுணுத்தால் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும். நாலாவது தரம்தான் அதற்கு விளங்கியது, என்னுடைய சுருதி அந்த மாதிரி. "அப்பா, இது ஒரு ஓல்ட் இத்தாலியன் மூவி, கவ்போய் படம்" என்று சொல்லி இசையமைத்தவரின் பெயரையும் வாசித்தாள். பெரிய பெயர், படத்தோடு, பரிசுகளோடு. எழுதியது அவர் இல்லை என்றேன். "அப்ப ஆர்?" என்றாள். விடை தெரியாது என்றும் சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது. உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முப்பது வருடம் பின்னுக்குப் போய், கனடாவில் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்குள் இறங்கவேண்டும். குனிந்து வாருங்கள், வாசல் நிலை பதிவானது, தலை இடிக்கும்.

அந்த வீட்டுக்கு இரண்டு மணம். மேலே கோப்பியும் தக்காளியும், கீழே எங்களுடைய மிளகாய்த்தூள். படிக்கட்டின் நடுவில் இரண்டும் சந்தித்துப் பொருதும். கீழே நானும் யோகண்ணையும். யோகண்ணை என்னைவிட ஏழு வயது மூப்பு, ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். நான் கதவுப் பிடிகள் செய்கிற தொழிற்சாலையில் பிடிகளைப் பெட்டியில் அடுக்கினேன். மேலே இத்தாலிக்காரியான வீட்டுக்காரி கார்லா, லொறி ஓடுகிற அவளுடைய புருசன், அவளுடைய தகப்பன். தகப்பனை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சினோர் என்றார்கள். அது எங்களுடைய ஐயா மாதிரி ஒரு மரியாதைச் சொல் என்று எனக்கு ஆர் சொன்னது? மூன்று மாதம் அவரை மிஸ்டர் சினோர் என்று கூப்பிட்டேன். அவரும் ஒருநாளாவது திருத்தவில்லை. பிறகு வெட்கத்தில் உண்மைப் பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டேன். தபால் பெட்டியில் இருந்தது மருமகனுடைய பெயர்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் எங்கள் அறையோரம் இருந்த வீட்டுச் சூடாக்கியைப் பார்க்கிற சாட்டில் கீழே இறங்குவார். சூடாக்கிக்கு ஒரு வருத்தமும் இருக்காது. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கதைக்கத் தொடங்குவார். எங்கள் இரண்டு பேரின் இங்கிலீசும் அரைகுறை, ஆனால் அவருக்குத் தெரிந்த பாதியும் எனக்குத் தெரிந்த பாதியும் வேறு வேறு என்றபடியால் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு முழு இங்கிலீஸ் வரும். அதில் நான் விளங்கிக்கொண்ட அவருடைய சரித்திரம் இவ்வளவு.

அவருடைய தகப்பன் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் பிரேத ஊர்வலங்களுக்கு வாத்தியம் வாசித்தவர். மகன் பத்தொன்பது வயதில் ரோமாபுரிக்குப் போய் இசை படித்து, பசிக்கு மற்றவர்களின் இசையைப் பிரதி பண்ணியிருக்கிறார். அதாவது, இசையமைப்பாளர் ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் எழுதித் தள்ளுவார். அதைப் பார்த்து வயலின்காரனுக்கு வேறாக, குழல்காரனுக்கு வேறாகப் பிரித்து எழுதவேண்டும். பிறகு ஒரு பெரிய மனிதர் இவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஒரே நேரத்தில் நாலு படம் கைவசம் வைத்திருக்கிற மனிதர். இரண்டு படத்தைத் தான் பார்த்துக்கொண்டு, இவற்றை நீ எழுது என்று மற்றவற்றை இவரிடம் தள்ளிவிடுவார். குதிரை மலையிலிருந்து இறங்கி வாசலுக்கு வர நாற்பது விநாடி என்றால், இசையும் நாற்பது விநாடியில் வாசலுக்கு வரவேண்டும். இவர் கழுத்தில் ஒரு நிறுத்தற் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எழுதுவார். படத்தில் பெரிய மனிதரின் பெயர் வரும்.

அது ஒரு பெயர். அந்தக் கவ்போய் படங்கள் எல்லாம் இத்தாலிக்காரர் எடுத்தாலும் அமெரிக்கப் படம் என்று சனங்கள் நம்பவேண்டுமாம். அதனால் நடிகன், கமெராக்காரன் எல்லோருக்கும் அமெரிக்கப் பெயர். இவர் தனியே செய்த மலிவான படங்களில் ஜாக் என்று தொடங்குகிற ஒரு பெயரில் வந்திருக்கிறார். தாயும் தகப்பனும் வைத்த சொந்தப் பெயரில் வந்தவை இரண்டே இரண்டு படம், இரண்டும் ஒரு கிழமைக்கு மேல் ஓடவில்லை. பிறகு படக்காரருக்கு மலிவான மின்சார வாத்தியங்கள் கிடைத்துவிட்டன. வேலை வற்றி, மனைவியும் செத்து, மகளோடு இருக்கலாம் என்று கனடாவுக்கு வந்துவிட்டார். எந்தப் படம் எந்தப் பெயரில் என்று அவர் ஒவ்வொரு முறையும் விளக்குவார், எனக்கு ஒவ்வொரு முறையும் குழம்பும்.

ஒருநாள் என்னுடைய கதையையும் சொன்னேன். நான் கனடாவுக்கு வந்தது ஒரு மலேசியாக்காரனின் பாஸ்போட்டில். ஆள் அனுப்புகிற ஏஜென்ற் ஏழு கிழமை என்னை அந்தப் பெயரில் வைத்திருந்தான். விமான நிலையத்தில் என் சொந்தப் பெயரை ஆராவது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே என்று பழக்கியிருந்தான். இதைக் கேட்டு சினோர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்றார்.

இதையெல்லாம் நம்பினேனா? அதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் கோப்பை கழுவின எல்லோரும் ஊரில் ஏதோ பெரிய ஆளாக இருந்தவர்கள்தான். யோகண்ணை ஊரில் தான் கூட்டுறவுச் சங்கத்துக்கு மனேஜர் என்பார். ஒருநாள் பஸ் தரிப்பில் சந்தித்த ஒருவர், ஓமோம் யோகு எங்கடை சங்கத்தில் சீனி நிறுத்தவர்தானே என்றார். அதற்குப் பிறகு ஆர் என்ன சொன்னாலும் நான் பாதியை எடுத்துவிட்டு மீதியைத்தான் நம்புவேன். சினோருக்கும் அதே சட்டம்தான்.

ஆனால் அவர் இசை எழுதிய கொப்பிகளை நான் என் கண்ணால் கண்டேன். சூடாக்கிக்குப் பக்கத்து இறாக்கைத் தட்டில் மூன்று மட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒரு சனிக்கிழமை அவர் அதில் ஒன்றைத் திறந்து காட்டினார். மண்ணிற மட்டை போட்ட கொப்பிகள், உள்ளே நீல மையில் இசைக் குறிகள். ஓரத்தில் எத்தனை விநாடி என்ற கணக்கும், அது எந்தக் காட்சி என்பதற்கு ஒரு படமும். காட்சியை எழுதமாட்டார், கீறுவார். ஒரு பக்கத்தைப் பிரித்து விரலால் தொட்டுக் காட்டியபடி அந்த விசிலை அடித்தார். அந்தப் பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு குதிரை, வாலைச் சுற்றி வட்டமாக ஒரு கோப்பிக் கறை. குதிரையின் நாலு காலும் ஒரே பக்கத்தில் இருந்தன, கீற வராத மனிசன். கீழே திகதியும் அவருடைய கையெழுத்தும். படம் வந்தது அடுத்த வருடம் என்றார்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பேஸ்மென்றில் நிலம் எப்பவும் ஈரம். நாங்கள் வாங்குகிற அரிசி மூட்டை ஒவ்வொரு முறையும் அடியில் பூஞ்சணம் பிடித்தது. காய்ந்த இடம் என்று இருந்தது அந்த இறாக்கை ஒன்றுதான். ஒரு கிழமைக்குத்தானே என்று மூன்று பெட்டிகளையும் இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு அரிசியை மேலே ஏற்றினேன். சினோர் கண்டாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நான் கேட்கவில்லை. ஒரு கிழமை மூன்று மாதமாயிற்று.

கோடையில் ஒருநாள் பெய்த மழைக்கு ரோட்டுச் சாக்கடை நிரம்பி, நிலத்தில் இருந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் ஏறிவிட்டது. நான் வேலை முடிந்து வரும்போது கணுக்கால் அளவு தண்ணீர். சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியால் அள்ளத் தொடங்கினேன். பெட்டிகள் களியாகிவிட்டன. தூக்கினால் கையோடு வந்தன, பிரித்தால் நீலத் தண்ணீர் வடிந்தது. அது சாக்கடைத் தண்ணீர், நோய் வரும் என்று கார்லா கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் குப்பைப் பைகளில் கட்டினாள். சினோர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கவில்லை. பெட்டிகள் எப்படி நிலத்துக்கு வந்தன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அரிசி மட்டும் காய்ந்து கிடந்தது. அதைத்தான் அந்த மாதம் முழுக்கச் சமைத்துச் சாப்பிட்டோம்.

இலை உதிர்கிற காலத்தில் ரோமாபுரியிலிருந்து கடிதம் வந்தது. பெரிய மனிதர் காலமாகிவிட்டாராம். அவருடைய இசையை எல்லாம் தொகுக்கப் போகிறார்களாம். எதை ஆர் எழுதியது என்று கேட்டு எழுதிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், உன்னிடம் அத்தாட்சி இருந்தால் இதுதான் நேரம் என்று பழைய வயலின்காரர் ஒருவர் எழுதியிருந்தார். கார்லா ஒரு லோயரைப் பிடித்தாள். கொப்பிகள் போனாலும் பரவாயில்லை, குடும்பத்தில் இல்லாத ஒருவர் அவற்றைத் திகதியோடு கண்டிருந்தால், கண்டதைச் சத்தியம் பண்ணிச் சொன்னால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று லோயர் சொன்னாராம். குடும்பத்தில் இல்லாத ஒருவர் என்றால் உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தக் கிழமை முழுக்க சினோர் சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு திரிந்தார். எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. கண்டதைச் சொல், அது போதும் என்றார்.

யோகண்ணைக்கு இது பிடிக்கவில்லை. என்னுடைய அகதி வழக்கு அப்போது விசாரணைக்குக் காத்திருந்தது. பெட்டிகளை இறக்கின கதையும் அவருக்குத் தெரியும். "உனக்கு ஹியரிங் வரக் கிடக்கு. லோயர், கோடு கச்சேரி, கையெழுத்து எண்டு போனியோ, கடைசியிலை உன்ரை தலையிலைதான் விடியும்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் அப்படி நடந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை.

நடந்தது இதுதான். மேலே குசினிக்குள் சாப்பாட்டு மேசை. கோப்பி, விசுக்கோத்து. லோயர் நல்ல மனிதர், கறுத்தக் கோட்டுப் போட்டிருந்தார். என் பெயரைக் கேட்டார், அதை ஒரு தாளில் எழுதினார். அவர் என் பெயரை எழுதுகிறதைக் கண்டதும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார், நீங்கள் கீழே இசைக் கொப்பிகள் எதையாவது கண்டீர்களா? அதில் என்ன இருந்தது?

"நோ சேர். ஐ டோன்ற் நோ, சேர்" என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஊரில் சோதனைச் சாவடிகளில் எத்தனை வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன்! இந்தப் பெடியனைக் கண்டாயா, இந்த ரோட்டால் ஆராவது போனார்களா, இந்த வீட்டில் ஆர் இருந்தது? காணவில்லை ஐயா, தெரியாது ஐயா. கோட்டோ சீருடையோ போட்ட ஒருவர் என் பெயரை எழுதிக்கொண்டு, கண்டாயா என்று கேட்டால் என் வாயில் வேறு பதில் இல்லை. அந்தப் பதில் என்னைப் பலதரம் காப்பாற்றியிருக்கிறது. அல்லது, பெட்டிகளை இறக்கினவன் நான்தான் என்று தெரிந்துவிடும் என்ற பயமா? அல்லது இரண்டும் சேர்ந்ததா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

லோயர் இன்னொரு முறை கேட்டார். நான் இன்னொரு முறை அதையே சொன்னேன். கார்லா இத்தாலி மொழியில் சத்தம் போட்டாள். சினோர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்குப் பிழைத்துவிட்டது, எங்கே என்று பிடிபடவில்லை என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு விசுக்கோத்துத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகும் அவர் மேலே பியானோ வாசித்தார். அந்த மெட்டை மட்டும் வாசிக்கவில்லை. சூடாக்கியைப் பார்க்க வருவதும் நின்றுபோனது.

அடுத்த மாசியில் என்னுடைய விசாரணை வந்தது. என்னை அறிந்தவர்களிடம் கடிதம் வாங்கினால் நல்லது என்று என் லோயர் சொல்லியிருந்தார். மேலே போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்டது யோகண்ணை. எந்த முகத்தோடு கேட்டாரோ தெரியாது. சினோர் சொல்லச் சொல்ல கார்லா தட்டச்சில் அடித்து, தன் வேலையிடத்திலிருந்து என் லோயருக்கு ஃபக்ஸ் பண்ணியிருந்தாள். விசாரணை அறையில் அதிகாரி அதை வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அப்போதுதான் நான் முதல்முதலாகக் கேட்டேன்.

இந்த மனிதர் என் வீட்டின் கீழே இருக்கிறார். வெள்ளம் வந்த நாள் அவர் சேட்டில்லாமல் தண்ணீர் அள்ளினார், அவருடைய முதுகில் வலது பக்கம் பெரிய காயத்தின் தழும்பைக் கண்டேன். அவர் நித்திரையில் கத்துவதை என் தளத்துக்குக் கீழே கேட்டிருக்கிறேன். என்ன மொழி என்று எனக்குத் தெரியாது, அது பயம் என்று தெரியும். இவற்றை நானே கண்டேன், நானே கேட்டேன். வாசித்து முடித்த தாளை எனக்குக் காட்டினார்கள். அடியில் சினோருடைய முழுப் பெயர், கையெழுத்து, தொழில்: திரைப்பட இசையமைப்பாளர்.

தன்னுடைய கொப்பிகள் சாக்கடையில் போன அந்த நாளில் என் முதுகைப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த அறையிலேயே அழுகை வந்துவிட்டது. அதிகாரி அதை ஊர் ஞாபகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். கடிதம் எழுதினவர் உண்மையில் இசையமைப்பாளரா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் எழுதியதைக் கண்டிருக்கிறீர்களா? "ஓம், கண்டிருக்கிறன்." சொல்லவேண்டிய இடத்தில் இல்லை என்றும், சொல்லிப் பிரயோசனமில்லாத இடத்தில் ஓம் என்றும் சொன்ன மனிசன் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

வழக்கில் வென்றேன். அன்று பின்னேரமே மேலே போய் எல்லாவற்றையும் சொன்னேன், அரிசி மூட்டையையும் சேர்த்து. கார்லா உடனே அந்த லோயருக்குப் போன் பண்ணினாள். முதலில் இல்லை என்ற சாட்சி பிறகு ஓம் என்றால் அதை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் எனக்குக் கடிதம் தந்தீர்கள் என்று சினோரைக் கேட்டேன். என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. இரண்டு தரம் கேட்டபிறகு, என் காதில் கேட்டதை எழுதினேன், அதுதானே என் தொழில் என்றார்.

நான் கலியாணம் கட்டி ஸ்காபரோவிலேயே வேறு இடத்துக்குப் போனேன். அவர் அதற்கு அடுத்த மாரிக் குளிரில் காலமானார். கார்லா வீட்டை விற்றுவிட்டு எங்கே போனாள் என்று தெரியாது. யோகண்ணையும் இப்போது இல்லை. அண்மையில் அந்தப் பக்கம் போனபோது வீட்டையே காணவில்லை. அந்தக் காணியில் கறுத்தக் கண்ணாடி போட்ட பெரிய மாடிவீடு நிற்கிறது, பேஸ்மென்றுக்கு வேறு வாசலோடு. காரை நிறுத்தி, சரியான தெருதானா என்று இரண்டு முறை பலகையைப் பார்த்தேன். சரியான தெருதான்.

ஆரணி விடவில்லை. "பேரைச் சொல்லுங்கோ அப்பா, நான் சேர்ச் பண்ணிப் பாக்கிறன்" என்றாள். ஜாக் என்பதற்கு மேலே எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. வழக்கு முடிந்ததும் லோயர் என்னுடைய வழக்குக் கோவையை என்னிடமே தந்துவிட்டார். இப்போதைய வீட்டு நிலவறை அலுமாரியில் முப்பது வருடமாகத் திறக்காமல் கிடந்தது. கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தேன். என்னுடைய பத்திரங்கள் எல்லாம் இருந்தன. நடுவில் அந்த ஃபக்ஸ் தாள், வழுவழுப்பாக, சுருண்டு.

அதில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ஃபக்ஸ் தாளில் எழுத்து நிற்காதாம், சூட்டில் பதிகிற எழுத்து வருடம் போகப் போகத் தானாகவே வெளுத்துவிடுமாம், மகள் சொன்னாள். முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பெயரும் கையெழுத்தும் இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன்.

"பிளாங்க் பேப்பர் அப்பா" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, இதிலை அவரின்ரை பேர் இருந்தது" என்றேன். "நான் கண்டனான்."